அரை மணி நேரச் சோறு
வடசென்னை: உழைப்பின் வரலாறு – 14

பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்னாடிக்) மில்லில் வேலை பார்த்தவருக்கு நடுப்பகலில் கிடைத்த ஓய்வு அரை மணி நேரம். அதற்குள் அவர் தறிக்கூடத்தை விட்டு வெளியே வர வேண்டும். கை கால் கழுவ வேண்டும், தூக்குச்சட்டியைத் திறந்து உண்ண வேண்டும், ஒதுங்கிவிட்டு வர வேண்டும். சங்கு ஊதும்போது மறுபடி தறி முன்னால் நிற்க வேண்டும். அன்றைய சட்டம் அனுமதித்த வேலை நேரம் நாளுக்கு 12 மணி.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அலைந்து திரிந்து பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். திரு.வி.க. தோள் கொடுத்தார். பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி என்று சுற்று வட்டாரமெல்லாம் கூட்டத்துக்குத் திரண்டது. கூலி, மேஸ்திரிகளின் அடி உதை, அரிசி விலை என்று குறைகள் பல இருந்தன. ஆனால் தொடக்கத்திலிருந்தே விடாமல் ஒலித்த ஒன்று இந்தச் சோற்று நேரம். அரை மணி போதாது, கூட்டிக் கொடுங்கள் என்றார்கள்.

வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கூலி உயர்வுக் கோரிக்கையின் பக்கத்தில் இது சின்ன விஷயமாகத் தெரிகிறது போலும். அப்படி நான் நினைக்கவில்லை. அந்தக் கோரிக்கைக்குள் மனித உடம்பைப் பற்றிய ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அதே காலத்தில் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் கருவி வைத்து அளந்துகொண்டிருந்த உண்மை அது. இந்த வாரம் சங்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, தறி முன்னால் நின்ற அந்த உடம்பைப் பார்ப்போம்.

நெசவுக்கூடம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததும் தறியை நிறுத்தி, முதுகை வளைத்து, கையை நீட்டி, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, விழுதிலும் அச்சிலும் கோத்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போடுவது விரல் நுனி வேலை. ஆனால் அந்த விரல் நுனி ஆடாமல் இருக்கத் தோளும் முதுகும் இறுகி நிற்க வேண்டும். காய்ந்த நூல் அறுந்துவிடும் என்பதால் கூடத்தின் காற்றை எப்போதும் ஈரமாக வைத்திருப்பார்கள். சென்னை வெயில், கூரைச் சூடு, எந்திரச் சூடு, இவற்றோடு அந்த ஈரமும் சேர்ந்தால் வியர்வை காயவே காயாது. தானியங்கித் தறிகளை இந்தியாவில் முன்கூட்டியே கொண்டுவந்த ஆலைகளில் பின்னி நிறுவனத்தின் இந்த ஆலைகளும் அடக்கம். நாடா மாற்றும் வேலையைத் தறியே பார்த்துக்கொண்டதால் ஆள் ஒருவர் கவனிக்க வேண்டிய தறிகள் கூடின. முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குக் காக்கித் துணி இங்கிருந்து போனது.

இப்படி நாள் முழுக்க நிற்பவர் இடையில் தண்ணீர் குடிக்கப் போவார். பீடி பிடிக்கப் போவார். வாசல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். இதற்கு ஆலை முதலாளிகள் வைத்த பெயர் சோம்பேறித்தனம். இந்தியத் தொழிலாளி வெள்ளைக்காரத் தொழிலாளியைப் போல ஊன்றி உழைக்க மாட்டான், வேலையை நீட்டிக்கொண்டே இருப்பான், அதனால் நேரத்தைக் குறைத்தால் உற்பத்திதான் குறையும் என்று வாதித்தார்கள். மின் விளக்கு வந்த பிறகு பம்பாயில் இருட்டிய பின்னும் ஆலைகள் ஓடின. அதை விசாரிக்க 1907-ல் மாரிசன் தலைமையில் அமைக்கப்பட்ட தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையமும் இந்த வாதத்துக்குப் பெரிதும் காது கொடுத்தது. வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்குச் சட்டம் நேரடியாக வரம்பு கட்ட வேண்டியதில்லை என்பது பெரும்பான்மை உறுப்பினர்களின் முடிவு.

ஒருவர் உடன்படவில்லை. அவர் சென்னை மருத்துவர் டி.எம். நாயர். பின்னாளில் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராகவே அவரை நாம் அறிவோம். தியாகராய நகரில் டாக்டர் நாயர் சாலையில் தினமும் போகிறவர்களுக்கும் அரசியல்வாதி நாயர்தான் தெரியும். அவர் எடின்பரோவில் படித்த மருத்துவர். சென்னையிலிருந்து வந்த 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்தவர். 1908-ல் ஆணையத்தின் அறிக்கை வந்தபோது அதோடு அவருடைய மாற்றுக் குறிப்பும் வந்தது. வயது வந்த ஆண்களுக்கும் நேர வரம்பு வேண்டும் என்று அதில் வாதாடினார். 1911-ம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தை 12 மணிக்குள் நிறுத்தியது. பெரும்பான்மை மறுத்ததை, தனி ஒருவர் கேட்டதை அரசு ஏற்றது. ஆளும் அரசில் இது அடிக்கடி நடப்பதல்ல. நாயரின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்தக் குறிப்புதான். ஆனால் அதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

நாயர் இதை எழுதிய காலத்தில் சோர்வைப் பற்றி மருத்துவ உலகம் எவ்வளவு அறிந்திருந்தது?

இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோஸ்ஸோ என்ற உடலியல் அறிஞர் 1880-களில் எர்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். முன்கையை ஒரு பலகையில் அசையாமல் கட்டிவிடுவார்கள். நடுவிரலில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் எடைக்கல். தாளம் தட்டத் தட்ட, அந்த விரலை மட்டும் மடக்கி எடையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு முறை எவ்வளவு உயரம் தூக்கினார் என்பதை ஒரு முள், புகை படிந்த உருளையில் கோடாகக் கீறும். முதல் கோடுகள் நெடிதாக இருக்கும், போகப் போகக் குட்டையாகும், கடைசியில் எவ்வளவு முயன்றாலும் விரல் எழாது. 1891-ல் 'சோர்வு' என்ற நூலில் மோஸ்ஸோ இவற்றையெல்லாம் எழுதினார். சிசிலியின் கந்தகச் சுரங்கங்களில் சுமை தூக்கிய சிறுவர்களின் நிலையையும் அதே நூலில் பேசினார். ஆய்வுக்கூடத்து விரலும் சுரங்கத்துச் சிறுவனின் முதுகும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம் என்று கண்ட மனிதர் அவர்.

அவரோடு வேலை பார்த்த மாஜோரா கண்டுபிடித்த ஒரு கணக்கைத்தான் புளியந்தோப்புக்கு நான் கொண்டுவர விரும்புகிறேன். விரல் முற்றிலும் ஓய்ந்துபோகும்வரை எடையைத் தூக்கினால், ஏறக்குறைய 30 முறையில் அது நின்றுவிடும். மீண்டும் பழைய பலம் வர இரண்டு மணி நேரம் ஓய்வு தேவை. அதே விரல் 15 முறையோடு நிறுத்திக்கொண்டால்? பாதி வேலைக்குப் பாதி ஓய்வு, அதாவது ஒரு மணி நேரம் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் அரை மணி நேரமே போதுமானதாக இருந்தது. வேலை பாதியானால் ஓய்வு கால் பங்காகிவிடுகிறது. களைத்த தசை கடைசியில் செய்யும் வேலை, அளவில் குறைவு. அதற்கு உடம்பு கொடுக்கும் விலையோ பல மடங்கு. ஒவ்வொரு தூக்கலுக்கும் இடையில் பத்து விநாடி விட்டால் விரல் ஓயாமலே வேலை செய்துகொண்டிருக்கும் என்றும் அவர் கண்டார்.

இப்போது தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்ற தறித் தொழிலாளியை மறுபடி நினைத்துப் பாருங்கள். 12 மணி நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்த உடம்பு, ஓய்ந்து விழுவதற்குள் அங்கங்கே நிறுத்தி நிறுத்தி ஓடுகிறது. மாஜோராவின் கணக்கை யாரும் சொல்லித் தராமலே அது போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு விரலின் சோதனையை முழு உடம்புக்கும் முழு நாளுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது, உண்மைதான். ஆனால் கணக்கு போகிற திசை ஒன்றே. முதலாளி அதைச் சோம்பல் என்றார். நடுப்பகலில் ஓர் ஒழுங்கான ஓய்வு, அதுவும் உண்டு முடிக்க அவகாசமுள்ள ஓய்வு கிடைத்திருந்தால் அந்தத் திருட்டு ஓய்வுக்கு அவ்வளவு தேவை இருந்திருக்காது.

இங்கிலாந்தில் இந்தப் பாடத்தைப் போர்தான் கற்றுக்கொடுத்தது. 1915-ல் ஆயுதத் தொழிற்சாலைகளில் ஞாயிறும் சேர்த்து ஓட்டினார்கள், குண்டுகள் போதவில்லை. ஆயுதத் தொழிலாளர் நலக் குழுவுக்காக எச்.எம். வெர்னன் உற்பத்திக் கணக்குகளை வாரம் வாரமாக எடுத்துப் பார்த்தார். நேரத்தைக் குறைத்த இடங்களில் மொத்த உற்பத்தி விழவில்லை, ஏறியிருந்தது. 1918-ல், நம் சங்கம் பிறந்த அதே ஆண்டில், அங்கே தொழில்துறைச் சோர்வு ஆய்வு வாரியம் அமைக்கப்பட்டது. லங்காஷயர் நெசவுக்கூடங்களின் ஈரச்சூட்டையும் அந்த வாரியம் ஆராய்ந்தது. ஈரம் கூடக்கூட நூல் அறுவது குறைந்தாலும், ஓர் எல்லைக்கு மேல் மனிதன் தளர்ந்து உற்பத்தி கீழே வருகிறது என்றார்கள். லங்காஷயர் குளிர் நாடு. சென்னையின் சித்திரை வைகாசியை அங்கே யாரும் கண்டதில்லை.

1921-ல் பெர்னார்ட் மஸ்ஸியோ என்ற உளவியலாளர் வேறொரு குண்டைப் போட்டார். சோர்வை அளக்க ஒரு சோதனை சாத்தியமா என்று கேட்டு, சாத்தியமில்லை, அந்தச் சொல்லையே துல்லியமான அறிவியல் பேச்சிலிருந்து விலக்கிவிடலாம் என்று எழுதினார். விரல் தூக்க முடியாமல் போவதும் சோர்வு, மனம் சலிப்பதும் சோர்வு, உற்பத்தி குறைவதும் சோர்வு என்றால் எதை அளப்பது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் அதே 1921-ல் புளியந்தோப்பில் அந்தச் சொல்லுக்கு உயிரே விலையாகிக்கொண்டிருந்தது.

மே மாதம் கர்னாடிக் மில்லில் தொடங்கிய தகராறு ஜூனில் பக்கிங்காம் மில்லுக்கும் பரவி, அக்டோபர் வரை இழுத்தது. அதற்கு முந்தைய கதவடைப்பிலேயே கையிருப்பு தீர்ந்துபோன குடும்பங்கள் அவை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். வேலைநிறுத்தத்திலிருந்து விலகி நிற்கும்படி ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜாவும் அவர்களுக்குச் சொன்னார். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அங்கிருந்தவர்களுக்கு அரசு வியாசர்பாடியில் முகாம் போட்டது. ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், ஆதிதிராவிடர்கள் மறுபக்கம் என்று ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் பிரிந்தார்கள். இந்தத் தொடரில் எழுத எனக்கு மிகவும் கனமான பகுதி இதுதான். வேலைக்குத் திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் எழுத்தை நான் ஏற்க மாட்டேன். ஊரில் நிலமில்லை, பட்டணத்தில் கடன் கொடுக்க ஆளில்லை, சங்கத்திலும் சமமான இடமில்லை என்ற நிலையில் இருந்தவர்களிடம் இன்னொரு அரையாண்டுப் பட்டினியை எந்த உரிமையில் கேட்பது? சங்கம் அவர்களைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தவறியது. நிர்வாகம் அந்தப் பிளவில் குளிர் காய்ந்தது.

வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1922-ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்தைப் பாருங்கள். நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி. அதோடு, ஆறு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு. தொழிலாளர் விரும்பினால் அதையே இரண்டு அரை மணியாகப் பிரித்துக்கொள்ளலாம். நான்கு ஆண்டுக்கு முன் புளியந்தோப்பு கேட்டது அதுதான். 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு இந்தியாவுக்கு 60 மணி வாரத்தை வரையறுத்ததும் இதற்குக் காரணம், நாடெங்கும் நடந்த வேலைநிறுத்தங்களும் காரணம். டி.எம். நாயர் அதைப் பார்க்கவில்லை. 1919 ஜூலையில் லண்டனில் இறந்துபோனார். பிறகு 1934-ல் 54 மணி, 1946-ல் 48 மணி என்று வாரக் கணக்கு இறங்கியது. 1948-ம் ஆண்டுச் சட்டம் அந்த 48-ஐ உறுதி செய்து, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை குறைந்தது அரை மணி ஓய்வு என்றது.

சரி, அந்தச் சோர்வு உடம்பில் எங்கேதான் உட்கார்ந்திருக்கிறது? மோஸ்ஸோவுக்கே இந்தக் கேள்வி இருந்தது. மனம் சொல்லி விரல் எழாதபோது, தசைக்கு நேராக மின்சாரம் கொடுத்தால் அது இன்னும் கொஞ்சம் எழுந்தது. அப்படியானால் ஓய்ந்தது தசையா, தசைக்கு உத்தரவு போடும் நரம்பா?

1954-ல் லண்டனில் மெர்ட்டன் என்பவர் கட்டைவிரல் தசையை வைத்து இதை நேர்த்தியாகச் சோதித்தார். ஒருவரை முழு பலத்தோடு கட்டைவிரலை அழுத்தச் சொல்லி, அழுத்திக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டு நரம்பில் ஒரு மின் தட்டு. மூளை முழு உத்தரவும் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தத் தட்டால் எதுவும் கூடாது. அவர் சோதித்தபோது கூடவில்லை. ஆகவே குறை தசையில்தான் என்றார். கையில் பட்டை இறுக்கி ரத்தத்தை நிறுத்தியபோது, எவ்வளவு நேரம் ஓய்வு கொடுத்தும் பலம் திரும்பவில்லை; பட்டையை அவிழ்த்து ரத்தம் பாய்ந்த பிறகே திரும்பியது. புளியந்தோப்பு வீட்டு வசதிக் குடியிருப்புகளில் லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மாடியேறும் பெண்களுக்கு இது புதிதல்ல. குடத்தின் கழுத்தைப் பிடித்த விரல்கள் இரண்டாம் மாடியில் தாமாகவே பிரியப் பார்க்கும். இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாயையே நசுக்குகிறது. குடத்தை இறக்கி வைத்துக் கையை உதறும் அந்த நொடியில்தான் ரத்தம் மறுபடி பாய்கிறது.

பின்னால் வந்தவர்கள் இன்னும் நுட்பமான கருவிகளால் அளந்தபோது மெர்ட்டன் சொன்னது பாதி உண்மை என்று தெரிந்தது. இறுக்கம் நீள நீள, மின் தட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் கூடத் தொடங்கியது. 1990-களில் சிட்னியில் கண்டேவியாவின் குழுவினர் தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் மூளையைத் தூண்டிப் பார்த்தும் அதையே கண்டார்கள். மனிதன் முழு மூச்சாக முயல்வதாக நம்பும்போதே மூளையின் உத்தரவு தளர்ந்திருக்கிறது. களைத்த தசையிலிருந்து மெல்லிய நரம்புகள் அனுப்பும் செய்தியும் அதற்கு ஒரு காரணம். தசைக்குள்ளேயோ, சுருங்குவதற்கு வேண்டிய கால்சியம் சரியாக வெளிவருவதில்லை. வேகமான வேலையில் சேரும் பாஸ்பேட் தசைநார்களின் பிடியைத் தளர்த்துகிறது. நாம் பள்ளியில் படித்த லாக்டிக் அமிலம் இந்தக் குற்றத்தின் பெரும்பகுதியிலிருந்து இப்போது விடுவிக்கப்பட்டுவிட்டது.

வெப்பத்தைப் பற்றிய சோதனை நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. 2001-ல் டென்மார்க்கில் நிபோவும் நீல்சனும் சூடான அறையில் சைக்கிள் மிதிக்க வைத்து, உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தொட்டதும், காலை முழு பலத்தோடு இரண்டு நிமிடம் இறுக்கச் சொன்னார்கள். தசையில் பலம் மிச்சமிருந்தும் மூளை அதை முழுக்க எடுக்கவில்லை. சூடேறிய உடம்பில் உத்தரவே தணிந்துவிடுகிறது. தறிக்கூடத்து ஈரச்சூட்டில் தளர்ந்து நின்றவரை மனமில்லாதவர் என்று சொன்ன ஆணையத்தின் முன் இந்தச் சான்று அன்று இல்லை.

இன்னொன்று. 1977-ல் எட்வர்ட்ஸும் அவர் கூட்டாளிகளும் ஒரு வகைச் சோர்வைக் கண்டார்கள். கடுமையான வேலைக்குப் பிறகு தசையின் உச்ச பலம் சீக்கிரம் மீண்டுவிடும். ஆனால் மெதுவான நரம்புத் தூண்டலில், அதாவது அன்றாட இலேசான வேலைகளில் கிடைக்கும் பலம் ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் குறைந்தே இருக்கும். மறுநாள் காலையில் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்று நம் மக்கள் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு. ஆள் பார்க்கத் தெம்பாக இருப்பார், கேட்டில் நுழையும்போதே நேற்றைய வேலையின் மிச்சத்தைச் சுமந்துகொண்டு நுழைவார்.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்கு 2023 ஒரு காரணம். அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தில் 65-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. விரும்பும் ஆலைகளில் நாளுக்கு 12 மணி வேலைக்கு அது வழி திறந்தது. வாரத்துக்கு 48 மணிதான், நான்கு நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று விளக்கினார்கள். எட்டை ஆறால் பெருக்கினாலும் 48, பன்னிரண்டை நான்கால் பெருக்கினாலும் 48. காகிதத்தில் இரண்டும் ஒன்று. டூரினில் ஒரு விரல் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே இவை ஒன்றல்ல என்று காட்டிவிட்டது. ஒன்பதாம் மணியிலிருந்து பன்னிரண்டாம் மணிவரை தசை கொடுக்கும் விலை, முதல் நான்கு மணிக்குக் கொடுத்த விலை அல்ல. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மே 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திருத்தத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1923 மே 1 அன்று இதே சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டது. அரை மணியோ ஒரு மணியோ, சங்கு ஊதி ஓய்வு அறிவிக்கும் வேலை புளியந்தோப்பில் இப்போது மிகக் குறைவு. மீன்பாடி வண்டி மிதிப்பவருக்கும், ஆடுதொட்டியில் விடியற்காலையில் கத்தி பிடிப்பவருக்கும், லாரியில் மூட்டை ஏற்றுபவருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. நடைக்கு இவ்வளவு, உருப்படிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு. நின்றால் அந்த நேரத்துக் காசு போகும். மாஜோரா 15-ல் நிறுத்தச் சொன்ன விரலை இந்தக் கூலிமுறை முப்பதுவரை இழுத்துச் செல்கிறது. இது எப்படி வந்தது, துறைமுகத்தில் மூட்டைக் கணக்கை யார் வகுத்தார்கள் என்பதை அடுத்த வாரம் ராயபுரத்திலிருந்து பார்ப்போம்.

(தொடரும்)